தளத்துக்கு மேலே போன நிழல்

தம்போ செகோவில், சான் ரோக்கே இல்லத்தின் பின்முற்றத்தில் நின்ற அல்கரோபா மரத்தை வெட்டிச் சில வாரங்கள் கழித்து அதன் நிழல் திரும்பி வந்தது. மரம் வரவில்லை. நிழல் மட்டும், முன்பிருந்த அதே அகலத்தில், கிளை ஒன்று முறிந்துபோயிருந்த இடத்தில் அதே ஓட்டையோடு வந்து தரையில் விழுந்தது. காலையில் சமையல்கட்டுச் சுவரோரம் கிடக்கும். வெயில் ஏற ஏற நகர்ந்து, மாலையில் கழிவறைப் பக்கம் போய்ச் சேரும். அந்த வாரம் எலுமிச்சை விலை கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. மீனில் பிழிய எலுமிச்சை இல்லாத கவலையில் ஊரார் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

மரத்தை வெட்டியது மேயர் தோன் எலாடியோ கெரெவாலு. அடிக்கல் நாட்டு விழாவில் எடுத்த படத்தில் அவருடைய பெயர்ப் பதாகையை ஒரு கிளை மறைத்துவிட்டதாம். மறுநாளே ஆள் வந்து வெட்டினான். கட்டை கரியாகி மேயரின் மைத்துனர் நடத்தும் சுட்ட கோழிக் கடைக்குப் போனது. அந்தக் கோழியை ஊரே விரலைச் சூப்பிக்கொண்டு தின்றது. இல்லத்துச் சமையல்காரி சொராய்டா இப்பனாக்கே மட்டும் தின்னவில்லை. கடையைக் கடக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பித் தெருவில் துப்பிவிட்டுப் போனாள். அவளுக்குப் பிடிக்காதது எது எதிர்ப்பட்டாலும் அப்படித் துப்புவது வழக்கம். அந்த ஊரில் அவளுக்கு நாள் முழுக்க வாய் வறண்டுதான் கிடந்தது.

இல்லம் என்பது பெரிய விஷயமில்லை. வீட்டின் பின்னறையில் பாயோடு பாயாகக் கிடந்தவர்களைப் பெற்றவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியது. நடக்க முடியாதவர்கள், பேச்சு வராதவர்கள், கை கால் தன்னிஷ்டத்துக்கு ஆடுகிறவர்கள் பகலில் அங்கே வருவார்கள். ஊரார் அவர்களைப் பிள்ளைகள் என்பார்கள். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நரை விழுந்திருந்தது. உள்ளே ஒரே கூடம். அதில் எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் முற்றம் என்று ஒன்று இருந்தாலும் அதில் காலை வைக்க முடியாது. அக்கம்பக்கத்தார் கோழிக் குடலையும் அழுக்குத் துணியையும் செத்த நாயையும் அங்கேதான் வீசினார்கள். எந்தத் தேர்தல் வந்தாலும் யாராவது ஒரு பெரிய மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, 'குடும்பங்களுக்கான திறந்தவெளிப் பூங்கா'வுக்கு அடிக்கல் நாட்டிவிட்டுப் போவார். கல்லோடு பளிங்கில் ஒரு கல்வெட்டும் வரும். ஜெயித்ததும் அவருக்கு ஊர் மறந்துவிடும், அடுத்தவர் வேறு கல் கொண்டு வருவார். நகர சபைக் கிடங்கில் இடமில்லாத கல்லெல்லாம் கூட அங்கேயே வந்து கொட்டியதில், முற்றத்தின் மூலையில் கல்லும் கல்வெட்டுமாக ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. தம்போ செகோவில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் தொடக்கத்துக்குப் பஞ்சம் வந்ததில்லை.

அந்தக் குப்பைக்கு நடுவிலும் மரத்தடியில் கொஞ்சம் இடத்தைச் சொராய்டா கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தாள். அங்கேதான் அவள் மகள் நிமியா ஒரு எலுமிச்சைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மொச்சை உரிப்பாள். நிமியாவுக்கு முப்பது தாண்டியிருந்தது. பேசுவது நாலைந்து சொல்தான். உலகத்தில் அவள் ஒழுங்காகச் செய்தது இரண்டே காரியம். மொச்சை உரிப்பாள், நிழல் நகர்ந்தால் பெட்டியோடு தானும் நகர்வாள். மரத்தை வெட்டிய பிறகும் அவள் நகர்வதை நிறுத்தவில்லை. நிழல் எந்த நேரத்தில் எங்கே இருந்திருக்குமோ, அங்கே, கொளுத்துகிற வெயிலில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தாள். தோள் கொப்பளித்தது. சொராய்டா குடை பிடித்தாள், நிமியா அதைப் பிடுங்கி எறிந்தாள். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள், மகள் கடித்துவிட்டாள். இப்படி ஒருத்தி தினமும் வந்து தனக்காகக் காத்துக் கிடப்பதை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்று நினைத்ததோ என்னவோ, நிழல் ஒரு காலையில் திரும்பி வந்தது. சொராய்டா அதை அதிசயம் என்று எண்ணவில்லை. மகளின் பிடிவாதத்துக்கு முன்னால் அவளே எத்தனையோ முறை தோற்றவள்.

நிழல் வந்த பிறகு குடும்பங்களுக்கும் ரோஷம் வந்தது. மரமே இல்லாமல் நிழல் வரும்போது நமக்கு என்ன கேடு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி முற்றத்தைச் சுத்தம் செய்தார்கள். வண்டி வண்டியாக அள்ளினார்கள். அடியில் போகப் போகக் கறுப்பாக, நெளிந்துகொண்டு, வாயில் சொல்ல முடியாத நாற்றத்தோடு என்னென்னவோ வந்தன. கொத்தனார் சுங்கா, தன் மகன் அமாடோவின் சக்கர நாற்காலி சிக்காமல் ஓடும்படி தரையைச் சமன் செய்தார். பழைய பீப்பாய்களை நீளவாக்கில் அறுத்து, நாற்காலியில் இருந்தபடியே கை எட்டுகிற உயரத்தில் நிறுத்தி, மண் நிரப்பிக் கொத்தமல்லியும் மிளகாயும் போட்டார்கள். பருவத்தில் நிழல் காய்த்தது. நெற்றுகளின் நிழல் உதிர்ந்து தரையில் கிடக்க, பக்கத்து வீட்டு ஆடுகள் வந்து அதை மென்று கொழுத்தன.

சொராய்டாவின் கணக்கு வேறு. அவளுக்கு நெஞ்சில் அடிக்கடி குத்தியது. தான் போய்விட்டால் நிமியாவுக்கு யார் என்பது அவளைத் தின்றுகொண்டிருந்த கேள்வி. பின்னறையில் கிடந்தால் செத்தாலும் யாருக்கும் தெரியாது. நாலு பேர் வந்து போகிற முற்றத்தில், தினமும் ஒரே இடத்தில், மொச்சை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஊருக்குப் பழகிப்போகும். பழகிய முகத்துக்கு முன்னால் யாராவது ஒரு தட்டு வைப்பார்கள். முற்றம் அவளுக்கு அதற்காகத்தான் வேண்டியிருந்தது.

முற்றம் சுத்தமானதும் மேயர் வந்தார். நாற்றம் இருந்தவரை வராதவர், கொத்தமல்லி வாசம் வந்ததும் படக்காரனோடு வந்தார். வரிசையாக எல்லோர் நெற்றியிலும் முத்தம் கொடுத்தார். ஒவ்வொரு முத்தத்துக்கும் பிறகு முகத்தைத் திருப்பிக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அந்த முத்தங்கள் காயவே இல்லை. சூடு தகிக்கிற ஊரில், ஈரத் துணியே நிமிஷத்தில் மொடமொடத்துப் போகிற காற்றில், அமாடோவின் நெற்றியில் ஒரு வட்டம் வாரக்கணக்கில் பிசுபிசுத்தது. ஈ மொய்த்தது. சாம்பல் போட்டுத் தேய்த்த பிறகுதான் போனது. சொராய்டா நிமியாவின் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துத் தோலே சிவந்துவிட்டது.

மேயர் நிழலைப் பார்த்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். மேலே வானம்தான் இருந்தது.

"எல்லாம் சரிதான். ஆனா கூரை இல்லாம இத எப்படித் திறந்து வைக்கிறது?" என்றார். "நான் தளம் போட்டுத் தர்றேன். நானே ஞானத்தந்தையா நிக்கிறேன்."

இப்போது யோசித்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அன்று யாரும் சிரிக்கவில்லை. கூரை போடாத எதையும் அந்த ஊரில் கட்டி முடித்ததாக ஒத்துக்கொள்வதில்லை. தளம் போடும் நாள் என்றால் கலியாணம் மாதிரி. கட்டடத்துக்கும் ஞானத்தந்தை, ஞானத்தாய் உண்டு. பாதிரியார் மந்திரித்துத் தண்ணீர் தெளிப்பார், கலவை இயந்திரம் கடகடக்கும், ஆணும் பெண்ணும் வாளி வாளியாகக் கை மாற்றுவார்கள், சுரைக்குடுவையில் சோளக்கள் சுற்றி வரும். குடும்பங்கள் எல்லாம் ஓடி ஓடி வேலை செய்தன. சுங்கா கம்பி கட்டினார். அமாடோவின் மடியில் வாளியை வைத்து நாற்காலியைத் தள்ளினார்கள், அவனும் கலவை சுமந்துவிட்டதாகக் கூவிச் சிரித்தான். சொராய்டா வெள்ளாட்டுக் குட்டிக் கறி சமைத்தாள். தளத்தின் மேலே, ஊர் வழக்கப்படி, என்றோ கட்டப்போகும் மாடிக்காகக் கம்பிகளை நீட்டி விட்டு, நடுவில் பூச்சுற்றிய சிலுவையை நட்டார்கள். ஞானத்தந்தை ரிப்பன் கட்டிய சுத்தியலால் பாட்டிலை உடைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

முட்டுகளைப் பிரித்த அன்று மதியம்தான் தெரிந்தது. நிழல் மேலிருந்து விழுகிற சரக்கு. குறுக்கே எது முதலில் நிற்கிறதோ அதன் மேல்தான் விழும். அல்கரோபாவின் நிழல், அதன் காற்று, அதன் நெற்று எல்லாம் தளத்துக்கு மேலே போய்விட்டன. அத்தனை பேர் வாளி தூக்கினார்களே, ஒருவருக்கும் இது தோன்றவில்லை. முப்பது வருஷமாகத் தளம் போட்ட சுங்காவுக்கும் தோன்றவில்லை. தளத்துக்கும் நிழல் உண்டுதானே என்று கேட்கிறவர்கள் அதன் அடியில் ஒரு மதியம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். செலவைக் குறைக்க மேயர் அதைத் தலையில் இடிக்கிற உயரத்தில் போட வைத்திருந்தார். தன் கட்சி நிறத்தைப் பூச இடம் வேண்டும் என்று மூன்று பக்கமும் சுவர் வைத்திருந்தார். உள்ளே ரொட்டி அடுப்பு மாதிரி வெந்தது. கழிவறை நாற்றம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே குடியிருந்தது. மேலே குளுமையைக் கண்ட பிணந்தின்னிப் பருந்துகள் வந்து அடைந்தன. அவற்றின் எச்சம் விளிம்பில் வழிந்து, வெள்ளையாகவும் பச்சையாகவும் கோடு போட்டு, மிளகாய்ச் செடிகளின் மேல் சொட்டியது.

நிமியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல் நகர்ந்தாள். தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்த நிழலோடு கீழே நகர்ந்தாள். ஒரு நேரம் வரும்போது சுவர் குறுக்கே வந்தது. நிழல் சுவரைத் தாண்டிப் போய்விடும். நிமியா மூக்கு முட்ட, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவாள். பழைய கூடத்தில் அவர்கள் எப்படி உட்கார்ந்திருந்தார்களோ அப்படி. மொச்சையைத் தொடவில்லை. சோற்றையும் தொடவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வருவதை நிறுத்தின. தட்டு வைக்கப்போகிறவர்கள் போய்க்கொண்டிருப்பதைச் சொராய்டா சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தாள்.

அதற்குள் மேயர் மேலே இடம் பிடித்துவிட்டார். ஊரிலேயே குளுமையான இடம் அதுதான் என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். ஏணி வைத்து, மேசை ஏற்றி, வேண்டியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து அங்கே மதியச் சாப்பாடு நடத்தினார். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீனும், வாழைக்காய் வறுவலும், மைத்துனர் கடைக் கோழியும் ஏணியில் ஏறின. எலும்பும் எச்சில் இலையும் விளிம்பு வழியாகக் கீழே வந்தன. ஒருநாள் ஒரு மீன் தலை அமாடோவின் மடியில் விழுந்தது. கண் திறந்திருந்தது. அவன் அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சொராய்டா இல்லத்துத் தலைவி பெர்த்தா பந்தாவிடம் போனாள். பெர்த்தா பள்ளிக்கூட ஆசிரியை, நல்லவள், ஆனால் பயந்தவள்.

"அந்தத் தளத்த உடைக்கச் சொல்லுங்க டீச்சர்."

"திறந்து வச்ச கட்டடத்த உடைச்சா ஜெயில்னு மேயர் ஆள் விட்டுச் சொல்லியிருக்கார். நிலமும் நகர சபை பேர்ல இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்க சொராய்டா."

"எம் பொண்ணு ரெண்டு வாய் சாப்பிட்டு எத்தன நாளாச்சு தெரியுமா? அவளப் பொறுத்துக்கச் சொல்லி நீங்களே வந்து சொல்லுங்க."

பெர்த்தா அழுதாள். அழுகிறவளிடம் என்ன பேசுவது. சொராய்டா நேராக ஏணியடிக்குப் போய் அண்ணாந்து நின்றாள்.

"தோன் எலாடியோ, பிள்ளைங்க மேல வரணும். வழி பண்ணுங்க."

மேயர் விளிம்பில் வந்து குனிந்தார். உதட்டில் எண்ணெய் மினுங்கியது.

"வரட்டுமே அம்மா. யாரு வேண்டாம்னா? ஏணி இங்கதான இருக்கு."

மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். சொராய்டாவுக்குத் துப்பக்கூட எச்சில் வரவில்லை. அவ்வளவு அருவருப்பு. இந்த ஆள் ஏறி நிற்கிற தளத்துக்குத் தன் கையால் கறி சமைத்துப் போட்டோமே என்று நினைத்தபோது, தன் கைகளையே ஒரு முறை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

சுவரோரம் நின்ற சுங்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மீன் தலை விழுந்த நாளிலிருந்து அவர் யாரோடும் பேசவில்லை.

"சொராய்டாக்கா," என்றார். "இடிக்கக் கூடாதுன்னுதான சொன்னான். ஏறக் கூடாதுன்னு சொல்லலையே."

மறுநாளே குடும்பங்கள் திரும்பி வந்தன. மூலையில் குவிந்திருந்த அடிக்கற்களை உருட்டி எடுத்தார்கள். நாட்டிய நாளிலிருந்து ஒரு வேலையும் செய்யாத கற்கள், புது மெருகு குலையாமல் இருந்தன. சுவருக்கு வெளியே தொடங்கி, முற்றத்தை ஒட்டி வளைந்து, நாற்காலியைக் கையால் தள்ளுகிறவளுக்கும் மூச்சு வாங்காத ஏற்றமாக ஒரு சாய்தளத்தைச் சுங்கா எழுப்பினார். ஏற்றம் மென்மையாக இருக்க வேண்டும் என்றால் நீளம் வேண்டும், நீளத்துக்குக் கல் வேண்டும். கல் குறையவே இல்லை. எடுக்க எடுக்கக் குவியலின் அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. பாட்டன் காலத்து மந்திரிகள் நாட்டியது, ஆளுநர்கள் நாட்டியது, யார் என்றே தெரியாதவர்கள் நாட்டியது என்று வந்தது. கடைசியில், இனிமேல் வரப்போகும் தேர்தல்களில் நாட்டவிருந்த கற்களும் சில வந்தன. அவற்றையும் வைத்துக் கட்டினார்கள். மேல்பரப்புக்குக் கல்வெட்டுகளைப் பதித்தார்கள், எழுத்து மேலே தெரியும்படி. வேண்டுமென்று செய்யவில்லை என்று சுங்கா இன்றுவரை சொல்கிறார். பளிங்கில் சக்கரம் வழுக்கும், எழுத்து வெட்டிய பக்கம் என்றால் பிடிப்பு இருக்கும், அவ்வளவுதான் என்கிறார்.

ஏறிய நாளில் மேயர் மேலே கோழி கடித்துக்கொண்டிருந்தார். முதலில் அமாடோவின் நாற்காலி வந்தது. பெரிய மனிதர்களின் பெயர்கள் மேல் கடகடவென்று சக்கரம் உருண்டு வரும் சத்தம் ஊர்ச் சதுக்கம் வரை கேட்டதாம். பின்னால் மற்றவர்கள், ஊன்றுகோல்களோடும், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டும். கடைசியில் நிமியா, தலையில் எலுமிச்சைப் பெட்டியோடு. பருந்துகள் அவளைப் பார்த்து எழுந்து போயின. அவை மேயரைப் பார்த்து ஒரு நாளும் எழுந்ததில்லை. நிமியா விளிம்போரம் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தாள். மேசையின் மேல் விரிந்திருந்த நிழல், விரிப்பை உருவுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போய் அவளைச் சுற்றிக் கூடியது. உச்சி வெயில் மேயரின் தட்டில் விழுந்தது. மீன் அப்போதே நாற ஆரம்பித்தது. மயோனைஸ் மஞ்சளாகிப் பொங்கியது. மேயரின் வழுக்கைத் தலையில் வேர்வை முத்து முத்தாக வந்தது.

ஆனாலும் அவர் மேயர். படக்காரனைக் கண் காட்டிக் கூப்பிட்டார். நிமியாவிடம் போய்க் குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். நிமியா அவசரப்படாமல் அவர் கழுத்தில் தொங்கிய டையைப் பிடித்து இழுத்து, அதைக்கொண்டு தன் நெற்றியை அழுந்தத் துடைத்துவிட்டு, டையை விட்டாள்.

"மொச்சை," என்றாள் அம்மாவைப் பார்த்து.

சொராய்டா மடி நிறைய மொச்சை கொண்டு வந்து கொட்டினாள். அன்று சாயங்காலம் நிமியா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

மேயருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அடுத்த வாரமே வந்து சாய்தளத்தைத் திறந்து வைத்தார். பாட்டில் உடைத்தார், தன் யோசனை என்றார், ஒரு கல்வெட்டும் கொண்டு வந்தார். ஏறும் இடத்தில் ஒரு பலகை அளவு இடைவெளி இருந்தது, சுங்கா அதை அங்கே பதித்துவிட்டார். தேர்தலில் மேயரே ஜெயித்தார், அதற்கடுத்த தேர்தலிலும் ஜெயித்தார். ஊரைப் பற்றி நல்லதாக ஏதாவது எழுதலாம் என்று பார்த்தால் இப்படித்தான் முடிகிறது. தளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைக் கைப்பிடிச் சுவருக்குள் வைத்துப் பூசினார்கள். பீப்பாய்களை மேலே கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. அந்த இல்லத்துக்கு வந்து போகிற குடும்பங்களின் சிறுசுகளுக்கு முற்றம் என்றால் ஏறிப் போகிற இடம்தான். கீழே, மேயரின் கட்சி நிறச் சுவர்களுக்கு நடுவில், பன்றி வளர்க்கிறார்கள்.

சொராய்டாவும் மேலேயே இருந்துவிட்டாள். இன்னொரு எலுமிச்சைப் பெட்டியை மகளின் பெட்டியருகே போட்டுக்கொண்டு, நெஞ்சைப் பிடித்தபடி, அவளும் மொச்சை உரித்தாள். சில வருஷங்களுக்குப் பின் மழை பொய்த்த ஒரு மார்ச்சில் உரித்த மொச்சை மடியில் இருக்கும்போதே செத்துப்போனாள். அடக்கம் முடிந்து வந்தவர்கள் பெர்த்தாவின் வீட்டில் நிமியாவுக்கு அறை ஒழித்து வைத்தார்கள். நிமியா அங்கே தூங்கினாள், விடிந்ததும் தளத்துக்கு வந்தாள். நிழல் நகரும்போது தன் பெட்டியை நகர்த்தினாள். பிறகு திரும்பி வந்து அம்மாவின் பெட்டியையும் நகர்த்தினாள். காலியான பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. நாள் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், மரத்துக்கே அத்தனை வாரம் ஆயிற்று.

அறுவடைத் திருவிழா சமயத்தில் சொராய்டாவின் நிழல் வந்துவிட்டது. அகன்ற இடுப்பும் குட்டைப் பின்னலுமாகப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, நாள் முழுக்க மொச்சை உரிக்கிறது. மதியம் தட்டு வைக்கிறவர்கள் இரண்டு தட்டாக வைக்கிறார்கள், ஒன்றை ஆடுகள் தின்னுகின்றன. யாருக்கும் அந்த நிழல் தொந்தரவு செய்வதில்லை. மேயர் வருகிற நாட்களில் மட்டும் தலையைத் திருப்பி ஒரு முறை துப்பும்.